எடுத்துச் செல்லும் வரை வாடிக்கையாளர் பொறுப்பு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் வாஷிங் மெஷினும் இருக்கிறோம். இருவரில் நான் மட்டும் நலம். அங்கே நீங்கள், மகள், உங்கள் அத்தை, பிறந்து பதினோரு நாளான என் பேத்தி எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

"பேத்தியைப் பாக்க ஏன் மாமா இன்னும் வரலை?" என்று நேற்று போனில் கேட்டீர்கள். நான் சொன்ன பதில் எனக்கே விளங்கவில்லை, உங்களுக்கு எங்கே விளங்கியிருக்கும். ஆகவே ஆதியோடந்தமாக எழுதுகிறேன்.

குழந்தை பிறந்த செய்தி வந்ததும் உங்கள் அத்தை போட்டது போட்டபடி கிளம்பிவிட்டாள். மறுநாள் நான் வருவதாகத் திட்டம். பயணத்துக்கான சட்டைகளை மெஷினில் போட்டேன். அது பாதியில் ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. கதவும் திறக்கவில்லை. உள்ளே ஆறு சட்டை, அரை மெஷின் தண்ணீர். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லையே என்று கடைக்குப் பேசினேன். போனை எடுத்த பெண், "மாத்தித் தர்றோம் சார். பழசை நாங்க வந்து எடுக்கற வரைக்கும் நீங்கதான் பத்திரமா பாத்துக்கணும்" என்றாள். "அது இப்ப யாரோட மெஷின்மா?" என்று கேட்டேன். "எங்களோடது சார்." "அப்ப பொறுப்பு?" "உங்களோடது சார்." இதில் எங்கேயோ இடிக்கிறது என்று தெரிந்தது, எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

அப்புறம் ஒரு தாளும் அனுப்பினார்கள். மெஷினை உபயோகிக்கக் கூடாது, பழுது பார்க்கக் கூடாது, உள்ளது உள்ளபடி வைத்திருக்க வேண்டும், சேதமானால் வாடிக்கையாளரே பொறுப்பு, எடுக்க வரும்போது பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். எந்த நாள் வருவார்கள் என்று மட்டும் இல்லை. முப்பத்தோரு வருடம் கிடங்குக் காப்பாளனாக இருந்தவன் நான். கையெழுத்து வாங்காமல் ஓர் ஆணியைக்கூட வெளியே விட்டதில்லை. அந்தப் பழக்கம் என்னை விடுமா?

மூன்றாம் நாள் உள்ளே இருந்த தண்ணீர் நாற ஆரம்பித்தது. அதை வடித்தால் உள்ளது உள்ளபடி ஆகுமா, வடிக்காமல் மெஷின் கெட்டால் சேதம் ஆகுமா? மறுபடி போன். "உங்க இஷ்டம் சார்" என்றாள். இஷ்டம் என்று தாளில் ஒன்றுமே இல்லையே மாப்பிள்ளை. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தினமும் தூசி மட்டும் துடைத்தேன்.

ஆறாம் நாள் கீழ்வீட்டுத் தையல்காரர் வந்தார். நாற்றம் எங்கிருந்து என்று பார்க்க வந்தவர், என்னைக் கேட்காமல் பிளக்கைச் செருகி மெஷினின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். அது கடகடவென்று சுற்ற ஆரம்பித்துவிட்டது. "ஓடுதே சார், சந்தோஷப்படுங்க" என்கிறார். "ஓடக் கூடாதுய்யா, ஓடினா பொய்ப் புகார்னு சொல்லிடுவாங்க" என்று கத்தினேன். பழுதையும் அல்லவா நான் பத்திரமாகக் காப்பாற்றிக் கொடுக்க வேண்டும்? நல்லவேளை, இரண்டு நிமிடத்தில் தானாகவே நின்றது. தையல்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் படியிறங்கினார்.

உங்கள் அத்தையோ தினமும் காலையில் அர்ச்சனை. "இங்க பேத்தி கண்ணத் திறந்து பாக்கறா. நீங்க அங்க மெஷினத் தாலாட்டிக்கிட்டு இருக்கீங்களா?" நான் என்ன செய்ய? ஒரு மணி நேரம் கடைத்தெருவுக்குப் போனால்கூட வண்டி வந்து திரும்பிவிடுமே. கடமை என்று ஒன்று இருக்கிறதல்லவா. நீங்களாவது அவளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

மகளை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பேத்தி தீர்க்காயுசாக இருக்கட்டும். உங்கள் எல்லோருக்கும் என் ஆசி.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: இதைக் கிழித்துவிட்டு வேறு எழுதப் பார்த்தேன். நாலு தாள் வீணானதுதான் மிச்சம். மெஷினை அவர்கள் போன வியாழக்கிழமையே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு ஆள், பத்து நிமிடம். எப்படி வைத்திருந்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கையெழுத்துப் போடும்போது, வந்தவர் என் கையைப் பார்த்துவிட்டு, "நான் பிடிச்சுக்கறேன் சார், நிதானமா போடுங்க" என்று தாள் வைத்திருந்த அட்டையைப் பிடித்துக்கொண்டார்.

இந்தக் கடிதத்தின் எழுத்துக் கோணலை அவசரம் என்று நினைத்திருப்பீர்கள். இரண்டு மாதமாகக் கை நடுங்குகிறது மாப்பிள்ளை. உங்கள் அத்தைக்குக்கூடத் தெரியாது. நான் வந்ததும் எல்லோருமாகக் குழந்தையை என் கையில் கொடுப்பீர்களே என்றுதான் வரவில்லை.

நாளைக் காலை பஸ்ஸில் வருகிறேன். என்னை உட்கார வைத்து, அவளை மடியில் வையுங்கள். நீங்கள் பக்கத்திலேயே இருங்கள்.