என் மூக்கில் இருந்த இலையான்

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் இலையானை, அதுதான் ஈயை, கண்டால் எல்லோரும் அடிப்பார்கள். கதிரை போட்டு வரவேற்றவர் ஒரே ஒருவர்தான். மீன் சந்தைக்குப் பின்னால் சலூன் வைத்திருப்பவர். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கு நினைவிருக்கலாம். எங்களுக்கு அவர் இலையான் அண்ணை.

மற்றச் சலூன் வாசலில் தேசிக்காய் தொங்கும். இவர் வாசலில் கருவாட்டுத் தலை தொங்கியது. மின்விசிறி போடமாட்டார், காற்றுக்கு இலையான் நில்லாதாம். வியர்த்து வழிய நாங்கள் கழுத்தை நீட்டியிருப்போம். பாதிச் சவரத்தில் ஒரு இலையான் வந்து இருந்தால், கத்தியை வைத்துவிட்டு அதைப் படமெடுக்கப் போனைத் தூக்குவார்.

எடுத்த படத்தை, வெளிநாட்டில் இலையான்களை ஆராய்பவர்களின் இணையப் பக்கத்துக்கு அனுப்புவார். எப்போதும் ஒரே பதில்தான்: குடும்பம் தெரிகிறது, இனம் சொல்ல முடியாது.

"குடும்பம் தெரிஞ்சு என்ன செய்யிறது? ஆள் ஆரெண்டெல்லோ தெரியவேணும்! ஒண்டுக்காவது முழுப் பேர் எடுக்காமல் விடமாட்டன்."

அவர்கள் கேட்டது மூன்று படங்கள். இறக்கை நரம்பு தெரிய மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று. எந்த இலையான் அவ்வளவு நேரம் பொறுத்திருக்கும்? ஒரு நாள் ஒன்றைத் துரத்திக்கொண்டு போய், சந்தையில் பாரை மீன் குவியலுக்குள் விழுந்தார்.

"மீன் வேணுமெண்டால் கேளுமன் காணும், ஏன் நீந்துறீர்?" என்று வியாபாரி கத்தினார்.

நான் சந்தைக்கு ஐஸ் கட்டி இழுக்கிறவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சம். ஒரு நாள் நுரை பூசிய முகத்தோடு இருந்தபோது, கண்ணில் கோடு போட்ட இலையான் ஒன்று என் மூக்கில் வந்து இருந்தது.

"தம்பி, அசையாதைங்கோ. மூச்சும் விடாதைங்கோ."

"மூச்சு விடாட்டி ஆள் செத்துப்போவார் அண்ணை!" என்றான் முறைக்குக் காத்திருந்த ஓட்டோக்காரச் சிவா.

"செத்தால் நல்லம், அசையமாட்டார். நீ வாயை மூடு."

மேலிருந்து எடுத்தாயிற்று. பக்கவாட்டிலும் ஆயிற்று. முகத்தை எடுக்க என் முன்னால் முழங்காலில் நின்றார். இலையான் மூக்குத் துவாரத்தை நோக்கி நடந்தது. எனக்குத் தும்மல் முட்டியது. அந்த மனிதரின் இத்தனை வருடப் பாடும் என் மூக்கு நுனியில் இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். போன் 'கிளிக்' என்றது. பிறகு தும்மினேன். நுரை முழுக்க அவர் முகத்தில்.

அடுத்த முறை போனபோது பதில் வந்திருந்தது. முழுப் பெயர், இரண்டு சொல்லில்! சிவாவைத் திரும்பத் திரும்ப வாசிக்கவைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சிவா போனை மேலே தள்ளிப் பார்த்துச் சிரித்தான். "அண்ணை, இலையான் எதில இருந்ததெண்டு கேட்டிருக்கிறாங்கள். இலையிலயோ, மாட்டிலயோ எண்டு. இதென்ன நீங்கள் எழுதியிருக்கிறது?"

"ஏன், என்ன பிழை? 'என்ர சிநேகிதரின்ர மூக்கில' எண்டு எழுதினனான். வேற எப்பிடி எழுதுறது?"

இத்தனை வருடத்தில் "கொஞ்சம் குறைச்சு வெட்டுங்கோ" என்பதற்கு மேல் நான் அவரோடு கதைத்ததில்லை.

அவர் கத்திக்குப் புது பிளேட் போடத் தொடங்கினார். நான் கதிரையில் ஏறி இருந்தேன். முகத்தில் நுரை பூசும் வரைக்கும் என் சிரிப்பை மறைக்க வழி தெரியவில்லை.