புது ஆப்பிள் வந்தாச்சு

கடல் தாண்டிப் போய், சம்பளம் வாங்காமல், யாருக்காவது பாடம் சொல்லிக் கொடுத்தே தீருவது என்று ஒரு நாள் காலையில் எழுந்ததும் முடிவு கட்டுகிற மனிதர் ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாது என்றால் கொஞ்சம் பொறுங்கள். உங்கள் சொந்தத்திலேயே ஒருவர் அந்த வயதை நெருங்கிக்கொண்டிருப்பார். இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். கிளம்புவதற்கு முன்பே முகத்தில் ஒரு சாந்தம் குடிவந்துவிடும். போகிற ஊரின் பெயர் இன்னும் வாயில் சரியாக நுழையாது. ஆனால் அந்த ஊர்ப் பிள்ளைகளின் கண்ணில் இருக்கும் ஏக்கம் மட்டும் இங்கிருந்தே தெரியும். சமையலறையில் சொட்டுகிற குழாயைச் சரிசெய்யச் சொல்லி மனைவி கூப்பிட்டால், குழாய்க்கு முன்னால் நின்றுகொண்டு, உலகத்தில் எத்தனை பேருக்குக் குழாயே இல்லை என்று விளக்குவார். குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும்.

என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவர், இந்த இனத்தின் அசல் மாதிரி. காப்பீட்டு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து, கண்காணிக்க யாரும் மிச்சமில்லாத கட்டத்தில் ஓய்வு வாங்கிக்கொண்டவர். வெளிநாட்டுப் பள்ளி ஒன்றில் கணக்குச் சொல்லிக்கொடுக்க அழைப்பு வந்ததும், பெட்டியில் பாதிக்குத் துணியும் பாதிக்குச் சாக்பீஸும் அடுக்கினார். அங்கே என்ன இருக்குமோ என்னவோ என்ற கவலை. அந்த ஊர் விமான நிலையத்தில் ஓர் அதிகாரி அந்த வெள்ளைக் குச்சியில் ஒன்றை எடுத்து உடைத்து, முகர்ந்து, இன்னொரு அதிகாரியைக் கூப்பிட, அவர் ஒரு நாயைக் கூப்பிட, நாய் தும்ம, கடைசியில் சகலை சுவரில் பெரிதாக ஒரு 'அ' எழுதிக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள். சுவரைத் துடைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

பள்ளியில் இருந்ததோ பேனாவால் எழுதுகிற வெள்ளைப் பலகை. அதில் சாக்பீஸ் எழுதாது.

பள்ளிக்குப் போவதே முதலில் பெரும்பாடாக இருந்தது. அந்த ஊர்ப் பேருந்தில் நடத்துநர் கிடையாது. இறங்க வேண்டுமானால் கம்பியில் இருக்கும் பொத்தானை நாமே அழுத்த வேண்டும். யாராவது ஊர் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள் என்று சகலை காத்திருந்தார். யாரும் கத்தவில்லை. பேருந்து பணிமனை வரைக்கும் போய் நின்றது. ஓட்டுநர் டீ குடித்துவிட்டு வந்து, திரும்பி வரும் வழியில் பள்ளி வாசலில் இறக்கிவிட்டார். இதுதான் பாதை போலும் என்று தினமும் அப்படியே போய்வந்தார். பயணம் கடுமைதான், சேவை என்றால் சும்மாவா என்று வீட்டுக்குத் தகவல் வந்தது. அவர் குடியிருந்த மாடி அறையின் சொந்தக்காரம்மா, அடுப்படி ஜன்னலைத் திறந்து, எதிரே தெரிகிற நீலச் சுவர்தான் பள்ளிக்கூடம் என்று சொல்லும்வரை இது நடந்தது.

வகுப்பு விஷயத்துக்கு வருவோம். பாடம் ஆங்கிலத்தில்; அது இரண்டு தரப்புக்கும் அரைகுறை. பேசியதை நம் பேச்சிலேயே தருகிறேன்.

முதல் நாள் முதல் பாடம், பின்னங்கள். அஸ்திவாரம் பலமாக இருக்க வேண்டும் என்பது சகலையின் கொள்கை. பையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்தார். கத்தியை எடுத்தார். பாதியாக வெட்டினார். வகுப்பே ஒரே குரலில் "ஆ" என்றது. மறுபடி வெட்டிக் கால் ஆக்கினார். இன்னும் பெரிய "ஆ". அன்று மாலை மனைவியிடம் தொலைபேசியில், வாழ்க்கையில் தன்னை இதுவரை யாருமே இப்படிக் கவனித்துக் கேட்டதில்லை என்று தழுதழுத்தார். என் கொழுந்தி பெரிய மனது பண்ணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்தடுத்த நாள்களில் பிள்ளைகள் இன்னும் ஜொலித்தார்கள். அரையும் காலும் எவ்வளவு என்று கேட்க வாயெடுத்தவருக்கு இருமல் வந்துவிட்டது. "முக்கால்" என்றது வகுப்பு. இவர் புல்லரித்துப் போனார். இருமலுக்கே விடை சொல்கிற வகுப்பில் ஏதோ கோளாறு என்று யாருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றாது. பாராட்டு வந்துகொண்டிருக்கும்போது நம்மில் யாருக்குத்தான் தோன்றும்?

குட்டு உடைந்தது அவர் கத்தியை மறந்துவிட்டுப் போன அன்றைக்கு. முன் பெஞ்சில் இருந்த ரெட்டைப் பின்னல் பெண் எழுந்து வந்து, ஆசிரியர் மேசை இழுப்பறையைத் திறந்து, ஒரு கத்தியை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்க சார். போன ஆப்பிள் விட்டுட்டுப் போனது."

போன ஆப்பிளா? சகலைக்குப் புரியவில்லை. அவள் பொறுமையாக விளக்கினாள். இப்படிச் சேவைக்கு வருகிறவர்களுக்கு இந்தப் பள்ளியில் பெயரே ஆப்பிள்தான். ஒருவர் போவார், இன்னொருவர் வருவார். ஒவ்வொருவரும் முதல் பாடத்தில் ஆரம்பிப்பார். ஒவ்வொருவரும் ஓர் ஆப்பிளை வெட்டுவார். துண்டுகளைப் பெஞ்சுவாரியாக முறைவைத்துச் சாப்பிடுகிறார்கள். இப்போது கடைசி பெஞ்சின் முறை.

"அப்ப அந்த ஆ?"

"அது நாங்களே பழகிக்கிட்டது சார். ஒரு தடவ யாரும் சொல்லல. அந்த மிஸ் அழுதுட்டாங்க."

சகலை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் பாடம் எப்படி இருக்கும் என்று கேட்டார். அதை யாரும் பார்த்ததில்லை. பாடப் புத்தகத்தில் முதல் பாடத்துத் தாள்கள் அப்பளம் மாதிரி நொறுங்கிக்கொண்டிருக்க, மற்றவை அச்சகத்தில் ஒட்டியபடியே ஒட்டிக்கொண்டிருந்தன. ஆண்டுத் தேர்விலோ முதல் கேள்விக்கு அப்புறம் எல்லாமே ஒட்டிய தாள்களுக்குள் இருந்துதான் வரும். ரெட்டைப் பின்னலின் அக்கா இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் தவறி, இப்போது சலவைக் கடையில் சட்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

சகலை கொதித்துப்போய்த் தலைமையாசிரியை அம்மாவிடம் ஓடினார். நிரந்தரக் கணக்கு ஆசிரியர் ஏன் இல்லை? இலவசமாக ஆள் வந்துகொண்டே இருப்பதால் மேலிடம் அந்த இடத்தை நிரப்பவே இல்லை என்றார் அந்த அம்மா. அப்படியானால் வருகிறவர்களிடமாவது சொல்லியிருக்கலாமே?

"சம்பளமே வாங்காதவங்கள எப்படிங்க குறை சொல்றது? எல்லாரும் அஸ்திவாரம் சரியில்லன்னு சொல்லி மறுபடி அதையே போட்டுட்டுப் போறாங்க. வீடு எப்ப வரும்னு நானும் பாத்துக்கிட்டே இருக்கேன்."

அன்று சாயங்காலம் எனக்குப் போன் வந்தது.

"அண்ணா, புள்ளி வச்ச எண்ணை வகுத்தா புள்ளி எங்க போய் உக்காரும்?"

நான் என் மகனைக் கேட்டேன். அவன் செல்போனைக் கேட்டான். அது விடையைச் சொன்னது. ஏன் என்பதைச் சொல்லவில்லை. ஆயுள் முழுக்கக் கணக்குப் பொறியில் விரலால் தட்டியே காலம் தள்ளிய மனிதர், மறுநாள் இரண்டாம் பாடமான தசமப் புள்ளிகளோடு வகுப்புக்குள் போனார். ஒரு பாட்டில் பாலை நான்கு பேருக்குப் பிரித்தார். ஆளுக்கு இரண்டரை பாட்டில் வந்தது. அழித்துவிட்டு மறுபடி பிரித்தார். மறுபடியும் இரண்டரைதான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

ரெட்டைப் பின்னல் மெதுவாக எழுந்தாள்.

"கஷ்டப்படாதீங்க சார். ஆப்பிளே பண்ணலாம். நாங்க ஆ சொல்றோம்."

யாரோ ஓர் ஆப்பிளையும் முன்னால் அனுப்பிவிட்டார்கள். அது கை மாறி மாறி மேசைக்கு வந்து சேர்ந்தது. அதை எடுத்து வெட்டிவிட்டு மானத்தோடு ஊர் திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்ததாகச் சகலையே பின்னால் என்னிடம் சொன்னார். அவர் வெட்டவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கும் இது தெரியலப்பா. சேந்து பாப்போமா?" என்றார்.

அந்தப் பள்ளியில் எந்த ஆப்பிளும் அப்படிச் சொன்னதில்லை. கடைசி பெஞ்சில் ஒருவன், இருப்பதே ஒரு பாட்டில், மீதிப் பால் எந்தக் கடையிலிருந்து வந்தது என்று கேட்டான். நியாயமான கேள்வி. அதை வைத்து மணி அடிக்கும்வரை சண்டை போட்டார்கள். புள்ளி ஒருவழியாகத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தபோது சகலையின் வாயிலிருந்து தானாக ஓர் "ஆ" வந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சில மாதங்களுக்கென்று போனவர் தேர்வு முடியும்வரை இருந்துவிட்டார். மூன்று பாடங்கள் முடிந்தன. கொஞ்சம் பேர் தேறினார்கள். சலவைக் கடைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்து படித்த அக்காவும் அதில் ஒருத்தி. கிளம்புகிற அன்று சகலை வகுப்பைப் பார்த்து, இனிமேல் வருகிறவர்களுக்கு யாரும் ஆ சொல்ல வேண்டாம் என்றார்.

"அவங்க அழுதா?" என்றாள் ரெட்டைப் பின்னல்.

"அழட்டும்."

அவருடைய இடத்துக்கு வந்தவர், ஓய்வு பெற்ற ஓர் அதிகாரி அம்மா. வாசலிலேயே அவரைப் பிடித்து, நான்காம் பாடத்திலிருந்து ஆரம்பித்தால் போதும் மேடம் என்று சகலை கெஞ்சாத குறையாகச் சொன்னார். அந்த அம்மா மிகுந்த சாந்தத்தோடு புன்னகைத்தார்.

"நல்லதுங்க. ஆனா அஸ்திவாரம் முக்கியம் இல்லையா?"

அவருடைய கைப்பையில் உருண்டையாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது.

சரி, உங்களை ஒன்று கேட்கிறேன். இவ்வளவையும் படித்து வரும்போது நடுவில் எங்கேயாவது, 'நானாக இருந்தால் இந்தப் பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலிருந்து ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருப்பேன்' என்று உங்களுக்குத் தோன்றியதா? அப்படியானால் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் வேளை வந்துகொண்டிருக்கிறது.