ஒற்றை ஷூ சாட்சி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே துணிகளைத் தவிர எல்லோரும் நலம். நீங்கள் நலமா என்று கேட்பதாக இல்லை.

வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லி மாப்பிள்ளையைத் தூது அனுப்பியிருந்தீர்கள். அவர் பாவம், "மாமா, அப்பா வேலைக்கே ஆபத்துங்க" என்று ஆரம்பித்தார், பிறகு சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். வாபஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. மேலே நீங்கள் மேனேஜராக இருக்கும் நிலக்கரிச் சுரங்கம், கீழே என் சலவைக்கூடம், நடுவில் ஓடை. சுரங்கத் தண்ணீர் ஓடையில் கலக்காது என்று நீங்கள் போட்ட கையெழுத்தை நம்பிப் புதுக் குழிக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். இங்கே ஆஸ்பத்திரி விரிப்பை வெள்ளையாக முக்கினால் சாம்பலாக எழுந்து வருகிறது. இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று தலைமை நர்சம்மா சொல்லிவிட்டார். அப்புறம் நான் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

முதல் விசாரணைக்கு ஓடைத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுபோனேன். என் வக்கீல் அதைக் கறுப்புக் காப்பி என்று ஒரு வாய் குடித்துவிட்டு அன்று முழுக்க இருமினார். உங்கள் வக்கீலோ, சுரங்கத் தண்ணீர் பாதி வழியிலேயே வற்றிவிடும், கறுப்பெல்லாம் சலவைக்காரர் வீட்டு அழுக்கு என்றார். ஓடைக்குப் பெயர் என்ன என்று நீதிபதி கேட்டார். "பேரு எதுக்குங்கய்யா, கூப்பிட்டா வரப்போகுதா?" என்றேன். நீங்கள் கைக்குட்டைக்குள் சிரித்ததை நான் கவனிக்காமல் இல்லை.

நீதிபதி நேரில் பார்க்க வந்த அன்று, சுரங்கக் கால்வாய்க் கரையில் நின்று "இங்கேருந்து ஒரு துரும்புகூட கீழே போகாதுங்கய்யா" என்று கையை வீசினீர்கள். கால் வழுக்கி, ஷூ ஒன்று தண்ணீரோடு போனது. எல்லோரும் காரில் என் சலவைக்கூடத்துக்கு வந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் மிதந்து வந்து துவைகல்லில் முட்டி நின்றது. அடுத்த விசாரணைக்கு அதைப் பத்திரமாகக் கொண்டுவரச் சொல்லிவிட்டார் நீதிபதி. அனுமதி ரத்தாவது உறுதி. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நீங்கள் காலாலும் கெட்டீர்கள்.

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசிகள். உங்களுக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
ஜெயிக்கப்போகும் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது வீட்டுக்காரி ஷூவைத் திருப்பிப் பார்த்தாள். "ஏங்க, கல்யாணத்துக்கு அவருக்கு ஷூ எடுத்துக் கொடுத்தது நாமதானே? எட்டாம் நம்பர். இது பத்து. முனையில என்னமோ அடைச்சிருக்கு பாருங்க." பார்த்தேன். தெர்மாகோல். தோல் ஷூ இவ்வளவு தூரம் எப்படி மிதந்தது என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்லை. சம்பந்தி, மன்னிச்சிடுங்க. தெர்மாகோலை எடுத்துட்டேன், கோர்ட்டுக்கு ஷூ மட்டும்தான் வரும். இந்தப் பின்குறிப்பை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டு, மேலே உள்ளதை உங்கள் ஆபீசில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். சம்பந்திகளுக்குள் சண்டை என்றால் யாருக்கும் சந்தேகம் வராது.