போகிறவரும் சொல்கிற ‘வரேன்’

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. உங்களை நலம் விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லாததால் அதை அக்காவின் பொறுப்பில் விட்டுவிடுகிறேன். போனில் என் பெயரைக் கண்டாலே துண்டித்துவிடுகிறீர்கள், அதனால்தான் காகிதம். அக்கா படித்துப் பார்த்துவிட்டுத்தான் தபாலில் போடுவாளாம். ஆகவே உங்களுக்குத் தண்ணீர்பட்ட பாடான விஷயத்தையும் அவளுக்காக விளக்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, கணினியில் ஓடும் ஒரு நிரலுக்குக் கோப்பு வேண்டும் என்றாலும் மணி தெரியவேண்டும் என்றாலும் அது கெர்னலிடம்தான், அதாவது கணினியையே ஆளும் மைய நிரலிடம்தான், போய்க் கேட்கவேண்டும். உள்ளே போகும் வாசல், பதிலோடு வெளியே வரும் வாசல், இரண்டையும் எழுதியவர் உன் வீட்டுக்காரர். நான் எழுதியது டீபக்கர், அதாவது அந்த நிரலை வேவு பார்க்கும் கருவி. நிரல் உள்ளே போகும்போது கெர்னல் அதை நிறுத்திவைத்து என் கருவியை ஒரு தட்டு தட்டும். வெளியே வரும்போதும் நிறுத்தி ஒரு தட்டு. இரண்டும் ஒரே மாதிரித் தட்டு. எது போவது, எது வருவது என்று நாம்தான் எண்ணிக்கொள்ளவேண்டும். அங்கேதான் உன் தம்பி கோட்டைவிட்டான்.

அத்தான், நம் ஆபீசில் ஒரு நிரல் அடிக்கடி பாதியிலேயே நின்று விழுந்துகொண்டே இருந்ததே, அதற்குக் காரணம் தேடித்தான் என் கருவியை மாட்டினேன். அது என்ன கேட்டாலும் ‘அப்படி ஒரு சேவையே கிடையாது’ என்று பதில் வந்ததாகத் தெரிந்தது. இன்னொரு முறை பார்த்திருக்கலாம், உங்களிடம் தனியாகக் கேட்டிருக்கலாம். நானோ தலைகால் புரியாமல், கண்ணாடி அறைக் கூட்டத்தில், மேலாளர் முன்னால், பெரிய திரையில் போட்டுக் காட்டி, “அத்தான், உங்க வாசலே பழுது!” என்று கத்தினேன். ஆபீசில் சார் என்று கூப்பிடுகிறவன் ஆத்திரத்தில் அத்தான் என்றதும் அறையே சிரித்தது. நீங்கள் மட்டும் சிரிக்காமல், “எண்ணிப் பாத்தியா?” என்றீர்கள். “எனக்கு ஒண்ணு ரெண்டு தெரியாதுங்கிறீங்களா?” என்றேன். இதை எழுதும்போதே காது சுடுகிறது. மேலாளர் அங்கேயே வாசல் வேலையை உங்களிடமிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார், நானும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். நீங்கள் மடிக்கணினியை மூடி, “வரேன்” என்று எழுந்தீர்கள்.

வருவீர்கள் என்றே நினைத்தேன். உங்கள் நாற்காலியில் யாரையும் உட்காரவிடவில்லை, காபி ஆறாமல் மூடிவேறு வைத்தேன். சாயங்காலம் மேசை துடைக்க வந்த அம்மா, “அவரு அப்பவே பையை எடுத்துட்டுப் போயிட்டாருங்க” என்றார். வீட்டுக்கு ஓடினால், நீங்கள் உங்கள் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டீர்கள் என்று அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்கிறாள்.

“என்ன சொல்லிட்டுப் போனாரு?”

“வரேன்னு சொன்னாரு.”

“அப்ப வந்துடுவாரு.”

“அட மண்டு, போறவங்களும் வரேன்னுதான்டா சொல்வாங்க!”

அத்தான், அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நிரல் தொடங்கும்போது தன்னைக் கலைத்துக்கொண்டு வேறொரு நிரலாக மாறுகிறது. அதற்கும் கெர்னல் அதே மாதிரி ஒரு தட்டு தட்டும். அதையும் உள்ளே போனதாக நான் எண்ணிவிட்டேன். அதற்கப்புறம் போனதெல்லாம் எனக்கு வந்ததாகவும், வந்ததெல்லாம் போனதாகவும் ஆகிவிட்டது. உள்ளே நுழையும்போது, பதில் வரவேண்டிய இடத்தில் சும்மா நிரப்பி வைத்திருக்கும் ‘அப்படி ஒரு சேவையே கிடையாது’ என்ற வார்த்தையைத்தான் உங்கள் பதில் என்று காட்டி, உங்கள் மானத்தை வாங்கினேன். மேலாளரிடம் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிட்டேன். உங்கள் வாசலில் ஒரு குறையும் இல்லை என்று எழுதியும் கொடுத்துவிட்டேன். வேலை மறுபடி உங்களுக்குத்தான். அக்கா என்னோடு முகம்கொடுத்துப் பேசுவதில்லை, என் முன்னால் சாப்பாட்டுத் தட்டை வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் சொல்லிவிடுகிறாள். அவளுக்காகவாவது வந்துவிடுங்கள்.

உங்கள் அண்ணனுக்கும் அண்ணிக்கும் என் வணக்கம். பிள்ளைகளுக்கு அன்பு. மாமா என்ன செய்தான் என்று மட்டும் அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

இன்னும் தலை நிமிராத,
உங்கள் மைத்துனன்

பி.கு.: எண்ணிக்கையைத் திருத்தி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். என் கருவி வேவு பார்க்கும்போது அந்த நிரல் விழுவதே இல்லை. கருவியைக் கழற்றினால் விழுகிறது. ஆள் பார்த்தால் உங்கள் வாசல், நிரல் கொண்டுவந்ததையெல்லாம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்து அனுப்புகிறது. யாரும் பார்க்காவிட்டால் குறுக்குவழியில் அனுப்பி, அதில் ஒன்றைக் கொடுக்க மறந்துவிடுகிறது, அதனால்தான் நிரல் விழுகிறது. ஆக, பழுது உங்கள் வாசலில்தான் அத்தான். மேலே எழுதியதை அடிக்கவும் வெட்கமாக இருக்கிறது, அடிக்காமல் விடவும் வெட்கமாக இருக்கிறது. அக்கா படிக்கும் முன் நானே உறையை ஒட்டிவிடுகிறேன். இந்த முறை யாரிடமும் வாய் திறக்கவில்லை. நீங்களே வந்து திருத்திடுங்க. வரேன்னு சொன்னீங்கல்ல?