பதினைந்தாம் ஸ்டாலில் வெந்நீர்

சுலோச்சனாவுக்குத் தெரியாமல் ஒரே ஒரு நாள் வாழ்ந்து பார்ப்பது என்று என் ஐம்பத்தாறாவது வயதில் தீர்மானித்தேன். பெரிய தப்பு எதற்கும் திட்டமில்லை. இனிப்பு தின்ன வேண்டும், அவ்வளவுதான்.

சித்தூரில் அது நடக்கிற காரியமில்லை. ஏப்ரலில் என் ரத்தச் சர்க்கரை இருநூற்று எண்பத்தாறு என்று ரிப்போர்ட் வந்த அன்றே என் மனைவி பஜாரை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டாள். டீக்கடைக்காரர், மிட்டாய்க்கடைக்காரர், கோயிலில் சர்க்கரைப் பொங்கல் கொடுக்கிறவர், ஒருவரையும் விடவில்லை. இப்போது நான் தெருவில் வந்தாலே ஜாங்கிரித் தட்டின் மேல் துணி போட்டு மூடுகிறார்கள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. அவளுடைய நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, இதே வியாதியில் ஒரு கால் போயிற்று. அதனால் எனக்கும் பயம் உண்டு. ஆனால் பயம் மனசில் இருக்கிறது, நாக்கு வாயில் இருக்கிறது. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

நான் அட்டைப்பெட்டி வியாபாரி. பங்காருபாளையம் மாங்காய் மண்டிகளுக்குப் பெட்டி சப்ளை செய்கிறேன். ஒரு மண்டிக்காரர் வருஷா வருஷம் பங்கனபள்ளி ஒரு பெட்டி அனுப்புவார். இந்த வருஷமும் காயாக வந்தது. சுலோச்சனா அதைச் சாமான் அறையில் வைக்கோலில் பரப்பி, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒப்பந்தம் பேசினாள்.

"பத்து நாளு ஒரு இனிப்பும் வாயில வெக்காம இருங்க. பதினோராம் நாள்லேர்ந்து டெய்லி ரெண்டு துண்டு தரேன். டாக்டர கேட்டுக்கினுதான் சொல்றேன்."

ஒன்பது நாள் சத்தியமாகத் தாக்குப்பிடித்தேன். காய் பழுக்கப் பழுக்க வீடெல்லாம் வாசனை. சாமான் அறைக் கதவைத் தாண்டிப் போக எனக்கு மட்டும் பத்து நிமிஷம் ஆயிற்று.

பத்தாம் நாள்தான் திருப்பதியில் அந்தக் கண்காட்சி. ஊருக்கு நடுவில் புதிதாகக் கட்டியிருக்கும் மாநாட்டு அரங்கத்தில், உணவுத் தொழில்காரர்களுக்கும் பெட்டி வியாபாரிகளுக்கும் சேர்த்து நடத்தினார்கள். முதல் ஹாலில் இயந்திரம், இரண்டாம் ஹாலில் அட்டைப்பெட்டி. மூன்றாம் ஹாலைப் பற்றி அழைப்பிதழில் 'சுவைத்துப் பார்க்கலாம்' என்று போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டு மீதியைச் சுலோச்சனாவிடம் காட்டினேன். அவள் சந்தேகப்படவில்லை. ஸ்டீல் டப்பாவில் தினை உப்புமா கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

ரயில் பாகாலா தாண்டியதும் எனக்குக் கல்யாணம் ஆனதே மறந்துவிட்டது.

அரங்கத்தின் வாசலில் காவலர் என் பையைத் திறந்து பார்த்து, வெளிச்சாப்பாடு உள்ளே கொண்டுபோகக்கூடாது என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சட்டம் எனக்குச் சாதகமாக இருந்தது. டப்பாவை ஒப்படைத்து, நாற்பத்தொன்று என்று டோக்கன் வாங்கிக்கொண்டேன். அடுத்து பதிவு. ரேஷ்மா என்ற பெண் பெயரும் ஊரும் கேட்டாள், சொன்னேன். போன் நம்பர் கேட்டாள், கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தேன். கழுத்தில் ஒரு அட்டையை மாட்டி, எந்த ஸ்டாலுக்குப் போனாலும் இதை ஸ்கேன் செய்வார்கள் சார் என்றாள்.

உள்ளே அப்படி ஒரு குளிர். காலுக்குக் கம்பளம். ஆளுயரப் பலகையில் அரங்கத்தின் வரைபடம், அதில் நான் நிற்கிற இடத்துக்குச் சிவப்புப் புள்ளி வைத்திருந்தார்கள். வீட்டில்கூட எனக்கு அந்த மரியாதை கிடையாது. சுலோச்சனாவிடம் பொய் சொல்லக்கூடாதே என்று இரண்டாம் ஹாலில் நான்கு நிமிஷம் நின்று அட்டைப்பெட்டிகளைப் பார்த்தேன். பிறகு மூன்றாம் ஹாலுக்கு நடந்தேன். ஓடினேன் என்றும் சொல்லலாம்.

முதல் ஸ்டாலில் காகிதம் மாதிரி மடித்த பூதரேகுலு. அட்டையை நீட்டினேன், 'பீப்' என்றது, கையில் வைத்தார்கள். இரண்டாவதில் காஜா, பீப். மூன்றாவதில் வெயிலில் காயவைத்த மாம்பழத் தாண்ட்ரா, நான்காவதில் நெய் மைசூர்பாகு. ஒன்றரை மாதம் பட்டினி கிடந்த நாக்கு ஒவ்வொரு ஸ்டாலிலும் எழுந்து நின்று வணக்கம் சொன்னது. இதற்கு நடுவில் என் போனை எடுத்துப் பார்த்தேன். நான் வெளியூர் போனால் சுலோச்சனா மூன்று தடவையாவது கூப்பிடுவாள். அன்றைக்கு ஒரு கால்கூட இல்லை. ஏழுமலையானே நம் பக்கம் என்று நினைத்துக்கொண்டு பதினான்கு ஸ்டால்களை முடித்தேன்.

பதினைந்தாம் ஸ்டாலில் பால்கோவா. அங்கிருந்த ஹரிதா என்ற பெண் என் அட்டையை ஸ்கேன் செய்தாள். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். திரையைப் படித்தாள். பக்கத்துப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினாள். இரண்டு பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"மீக்கு வத்து, சார்," என்றாள் தெலுங்கில். உங்களுக்கு வேண்டாம் சார் என்கிறாள். காகிதக் கப்பில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள்.

பதினாறாம் ஸ்டாலில் பீப் என்றதும் அல்வாவை மூடிவிட்டு வெள்ளரிக்காய்த் துண்டு கொடுத்தார்கள். பதினேழில் அதுவும் இல்லை. பதினெட்டாம் ஸ்டால்காரர் என்னைக் கண்டதும் பத்தொன்பதாம் ஸ்டாலுக்குச் சொல்லப் போனார். சித்தூர் பஜார் எழுந்து என் பின்னாலேயே ரயிலேறி வந்துவிட்டதோ என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் என் பெயர். சித்தூர் ஆதிநாராயணன் அவர்கள் உதவி மையத்துக்கு வரவும். பார்வையாளர்களுக்குக் குலுக்கல் பரிசு உண்டு என்று வாசலில் எழுதியிருந்தது. ஒரு ஸ்கூட்டரையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். தலையைச் சீவிக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன்.

உதவி மையத்தில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி. மேஜை மேல் வெள்ளைத் துணி விரித்து என் ஸ்டீல் டப்பா இருந்தது. திறந்து, சூடு பண்ணி, ஸ்பூன் போட்டு வைத்திருந்தார்கள். காலையில் பார்த்த ரேஷ்மா பக்கத்தில் நின்றாள்.

"உக்காருங்க சார். மேடம் சொன்னாங்க."

"எந்த மேடம்?"

"உங்க மேடம்தான். ஒவ்வொரு ஸ்டாலுக்கும் அனுபவம் எப்படி இருந்துச்சு, அஞ்சுக்கு எத்தனை போடலாம்னு நீங்க குடுத்த நம்பருக்கு ஒரு மெசேஜ் போகும் சார். நாலாயிரம் பேருக்கு அனுப்பறோம், யாருமே பதில் போடறதில்ல. மேடம் பதினாலுக்கும் போட்டாங்க. அதப் படிச்சு எங்க மேனேஜருக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. உடனே உங்க அட்டைய ஸ்கேன் பண்ணினா மேடம் சொன்னது திரையில வர்ற மாதிரி பண்ணிட்டார்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் கேஸ், பேங்க், ரேஷன், ஆதார், எதற்கும் ஓடிபி வருவது சுலோச்சனாவின் போனுக்குத்தான். யார் நம்பர் கேட்டாலும் என் வாயில் வருவது அவள் நம்பர்தான். என் நம்பர் எனக்குத் தெரியாது. நான் என்னை எதற்குக் கூப்பிடப்போகிறேன்?

ரேஷ்மா திரையைத் திருப்பிக் காட்டினாள். முதல் ஸ்டால், பூதரேகுலு. 'ருசி எப்படி? எனக்குத் தெரியாது, அவரைக் கேளுங்கள். வேறு ஆலோசனை? இவருக்குச் சர்க்கரை 286. இனிமேல் கொடுக்க வேண்டாம்.' காஜாவுக்கும் அதே பதில். பதினான்காவதுக்கு ஆலோசனை கொஞ்சம் நீளமாக இருந்தது. 'அவரிடம் ஒரு டப்பா கொடுத்து அனுப்பினேன். தேடி எடுங்கள். சூடு பண்ணிச் சாப்பிட வையுங்கள். சாப்பிட்டதும் போட்டோ அனுப்புங்கள்.'

திருப்பதி நகரத்தின் நட்ட நடுவில், நாலாயிரம் பேர் பார்க்கத் தினை உப்புமா சாப்பிட்டேன். போட்டோ எடுத்தார்கள். போகிற வருகிறவர்களில் நான்கு பேர் இதை ஏதோ சிறுதானிய ஸ்டால் என்று நினைத்து எனக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். ஒருவர் ஸ்டால் நம்பர்கூடக் கேட்டார்.

திரும்பி வரும்போது ரயிலில் வாதங்களைத் தயார் செய்தேன். மாதிரிக்குக் கொடுப்பது கணக்கில் வராது. ஒவ்வொன்றும் விரல் நகம் அளவுதான். பதினான்கில் இரண்டு பிடிக்கவே இல்லை. எல்லாவற்றையும் இரண்டு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தேன்.

சுலோச்சனாவும் பக்கத்து வீட்டுக் கமலம்மாவும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தாம்பாளம். அதில் பங்கனபள்ளி, துண்டு துண்டாக. சாமான் அறைக் கதவு அகலத் திறந்து கிடந்தது. சுலோச்சனா எழுந்து டப்பாவை வாங்கி, அதன் மூடி தொலையாமல் வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள்.

கமலம்மாதான் பேசினாள். "இன்னா மனுசனய்யா நீ. காலைலேர்ந்து அவ ஒரு வாய் சோறு துன்னல. அந்தப் போன் டிங்கு டிங்குன்னு அடிச்சிக்கினே இருந்துச்சி. ஒவ்வொரு வாட்டியும் அவங்க நைனா காலச் சொல்லி அழுவறா."

எனக்கு வெட்கமாகிவிட்டது. தயார் செய்த வாதங்கள் எல்லாம் பாகாலாவிலேயே இறங்கிவிட்டன. தப்புதான் சுலோச்சனா என்றேன். நாளையிலிருந்து ஒழுங்காக இருக்கிறேன் என்றேன். உண்மையாகவே சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

"சரி. நாளைலேர்ந்து பத்து நாளு, மறுபடி மொதல்லேர்ந்து."

"பழம் பத்து நாள் தாங்காதே," என்றேன்.

"தாங்காதுதான். அதான் நாங்க துன்னுக்கினு இருக்கோம்."

இரண்டு பேரும் கொட்டை வரைக்கும் விடவில்லை. நான் எதிரில் உட்கார்ந்து வாசனையை மூச்சில் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, சுலோச்சனா தன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"வாசன எப்டி இருந்துச்சிங்க? அஞ்சிக்கு எவ்ளோ போடலாம்?"

ஐந்து என்றேன்.