கண்டக்டர் இளையபெருமாள் பிக்கு ஆன கதை

அமாவாசை ஸ்பெஷல் பஸ்ஸில் மூன்றாவது சீட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் கண்டக்டர் இளையபெருமாள் சிக்கிக்கொண்டார். டிக்கெட் கொடுக்கப் பின்னால் போனவர். அதற்கப்புறம் முன்னாலும் வரமுடியவில்லை, பின்னாலும் போகமுடியவில்லை. விசிலை வாய்க்குக் கொண்டுபோகக் கை எழும்பவில்லை. விசில் வராததால் டிரைவர் ராமகிருஷ்ணன் வழியிலுள்ள வளத்தி ஸ்டாப்பில் நிறுத்தவில்லை. வளத்தியில் இறங்க வேண்டிய பதினோரு பேர் திட்டிக்கொண்டே மேல்மலையனூர் வரைக்கும் வந்தார்கள். அங்கே நான்கு பேர் அங்காளம்மன் பேரைச் சொல்லி இழுத்ததில் இளையபெருமாள் வெளியே வந்தார். சட்டைப் பொத்தான்கள் வரவில்லை.

டிப்போ மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

“ரெண்டு மாசத்துல மெடிக்கல் இருக்குது. இப்ப தொண்ணூத்து நாலு கிலோ. எண்பத்தெட்டுக்கு வந்தா பஸ்ஸு. வரலன்னா கேட்டுல உக்காந்து வண்டி நம்பர் எழுது.”

பதினெட்டு வருஷம் ஓடுகிற வண்டியில் வாழ்ந்தவர் இளையபெருமாள். கேட்டில் உட்கார்ந்து பிறத்தியான் பஸ் போகிறதைப் பார்ப்பதா? நினைக்கும்போதே அவருக்குப் பசித்தது. அவருக்கு எதை நினைத்தாலும் பசிக்கும்.

அந்த வாரம் திண்டிவனத்தில் அம்பேத்கர் புத்த மதம் தழுவிய நாள் கூட்டம். அங்கே புத்த தர்மத்தைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே பொருளடக்கம் பார்த்தார். ‘உணவு, பக்கம் 11’ என்றிருந்தது. நேராகப் பதினொன்றுக்குப் போய்விட்டார். வீட்டுக்குள் நுழையும்போதே ஞானம் வந்திருந்தது.

“மங்கை, இன்னிலேர்ந்து நான் பிக்கு.”

“இன்னா பிக்கு?”

“புத்த பிக்கு. ஒரே பாத்திரம். அதுல விழறதுதான் சாப்பாடு. இன்னும் போடுன்னு கேக்க மாட்டேன். மனசைச் சோத்து மேல வச்சி, முப்பது தடவ மென்னு முழுங்குவேன். பன்னெண்டு மணி தாண்டினா பச்சத்தண்ணிதான்.”

“உங்க மனசு என்னிக்குச் சோத்து மேல இல்லாம இருந்துது?” என்றாள் மங்கை.

மங்கை செஞ்சிக் கோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு அளந்து போடுகிற கை. புருஷனுக்கும் ஒரு கரண்டி அளந்து போட்டது. இளையபெருமாள் கண்ணை மூடி முப்பது தடவை மென்றார். கண்ணைத் திறந்தால் வாயிலும் ஒன்றுமில்லை, பாத்திரத்திலும் ஒன்றுமில்லை.

மூன்று நாள் தாங்கினார். நான்காம் நாள் பன்னிரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். ‘பாத்திரத்தில் விழுவதைப் பிக்கு மறுக்கலாகாது’ என்று போட்டிருந்தது. இளையபெருமாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாளிலிருந்து அந்த அலுமினியப் பாத்திரம் பஸ்ஸில் ஏறியது. மேல்மலையனூர் போகிறவர்களிடம் தின்பண்டத்துக்கா பஞ்சம்?

“இன்னா கண்டக்டரே, பாத்திரம்?”

“நான் எதுவும் கேக்கறதில்ல. விழுந்தா வேணாம்னு சொல்றதுமில்ல.”

விழுந்தது. கொழுக்கட்டை விழுந்தது, வடை விழுந்தது. படையல் முடித்துத் திரும்பியவர்களிடமிருந்து கோழிக் குழம்புச் சோறு விழுந்தது. பக்கத்து வீட்டு ஹபீபுன்னிசா, அண்ணன் ஏதோ விரதம் என்று கேள்விப்பட்டு, இரக்கப்பட்டு, கல்யாண வீட்டு பிரியாணியைப் பாத்திரம் நிறையப் போட்டனுப்பினாள். எல்லாவற்றையும் பன்னிரண்டு மணிக்குள் முடித்தாக வேண்டுமே என்று முப்பது தடவை மெல்லுவது மூன்று தடவை ஆனது.

மூன்றாம் வாரம் பஸ் ஸ்டாண்டு எடை மெஷினில் ஏறினார். சீட்டு விழுந்தது. ‘97 கிலோ. உங்கள் முயற்சிகள் பெருகும்.’ சீட்டைச் சட்டைப்பையில் ஒளித்தார். சட்டையைத் துவைக்கிறது யார் என்று அவர் யோசிக்கவில்லை.

மங்கை சண்டை போடவில்லை. குழாயடியில் ஹபீபுன்னிசாவை இரண்டு வார்த்தை விசாரித்தாள். டிரைவர் ராமகிருஷ்ணனை ஒரு வார்த்தை விசாரித்தாள். சாயங்காலம் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏங்க, இதுல முதல் பக்கம் படிச்சீங்களா?”

இளையபெருமாள் முதல் பக்கத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் பிக்கு அதை எப்படிச் சொல்லுவார்?

“படிக்காமலா?”

“பாத்திரத்துல விழுந்தத முதல்ல பசிச்சவங்களுக்குத் தன் கையால போடணும், அப்புறம் மிச்சத்தத்தான் பிக்கு துன்னணும்னு இருக்குதே.”

“தெரியும், தெரியும்.”

“தெரிஞ்சுமா செய்யல?”

“ஆளுக்கு எங்க போறது?”

“எங்கிட்ட நூத்தி நாப்பது பேரு இருக்குறாங்க. பதினொண்ணரைக்குக் கொண்டாங்க. நடந்து வாங்க, பிக்கு சைக்கிள்ல வரக்கூடாது.”

“அதுவும் முதல் பக்கத்துலயா?”

“ரெண்டாம் பக்கம்.”

“ஆமாமா, தெரியும்.”

அன்றிலிருந்து பதினொன்றேகாலுக்குப் பஸ் செஞ்சிக்கு வந்ததும் இளையபெருமாள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தார். பிள்ளைகள் வரிசையாகக் குந்தியிருந்தன. முதல் நாள் ஒரு வடையைப் பத்தாகப் பிய்க்கும்போது அவர் கண் பெரிய துண்டிலேயே நின்றது. கடைசிப் பிள்ளைக்குப் போட்டு நிமிர்ந்தால் மிச்சம் ஒரு கறிவேப்பிலை. பள்ளிக்கூட மணி பன்னிரண்டு அடித்தது.

இரண்டாவது வாரம் ஒரு சின்னப் பெண் தன் பங்குக் கொழுக்கட்டையில் பாதியைத் திரும்பப் பாத்திரத்தில் போட்டாள். “உனக்கு இல்லியே சார்” என்றாள். விழுந்ததை மறுக்கக் கூடாது. இளையபெருமாள் அங்கேயே குந்தி அதை முப்பது தடவை மென்றார். தேங்காய் தனியாகத் தெரிந்தது, வெல்லம் தனியாகத் தெரிந்தது. இத்தனை வருஷமாக எத்தனை கொழுக்கட்டையை ருசி தெரியாமல் முழுங்கினோம் என்று இருந்தது. அதற்குப் பிறகு வடை பிய்க்கும்போது கண் பெரிய துண்டைத் தேடவில்லை.

மெடிக்கலில் முள் எண்பத்தேழில் நின்றது. மேனேஜரே கை கொடுத்தார். “எப்படிய்யா?” என்றார். “மனசு சார், எல்லாம் மனசு” என்றார் இளையபெருமாள். பஸ்ஸில் முன்னும் பின்னும் தேவையில்லாமலே நடந்து பார்த்தார்.

திண்டிவனத்துக்காரர்களுக்குச் செய்தி போய், அடுத்த கூட்டத்தில் பத்து நிமிஷம் பேசக் கூப்பிட்டார்கள். ஆதாரத்தோடு பேச வேண்டும் என்று வீட்டில் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தார். அச்சகத்தின் விலாசம் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் பிழைதிருத்தம். கடைசி அட்டைவரை புரட்டினார். சைக்கிளைப் பற்றி எங்கேயும் ஒரு வரி இல்லை.

“மங்கை, நீ சொன்னது இதுல எங்கயுமே இல்லியே?”

அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“இல்லியா? நீங்க தெரியும், தெரியும்னீங்களே, அதக் கேட்டு நானே இருக்குதுன்னு நம்பிட்டேன்.”