இங்கிலீஷில் ஒரு நற்சான்று

"நாலு வார்த்தை இங்கிலீஷ்லயே சொல்லிருங்க சார்வாள். இங்கிலீஷ்ல யாரும் பொய் சொல்ல மாட்டாவ" என்றார் புளியங்குடி எலுமிச்சை வியாபாரி முத்துக்குமாரசாமி.

அம்பலவாணனுக்கு அழுகை வராத குறை. காலையிலிருந்து சங்கரன்கோவில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷைப் புகட்டிப் புகட்டித் தொண்டை கட்டியிருந்தது. வாடகை அறைக்கு வந்து அக்கடா என்று சாய்வதற்குள் இந்த இருவரும் வந்துவிட்டார்கள். வியாபாரியோடு வந்திருந்தவர் அவருடைய மச்சினன் செல்வமணி. கொழும்பில் கடைக்கணக்கு எழுதி இங்கிலீஷ் கற்றவர். வார்த்தைகளைத் தனித்தனியே நன்றாகத் தெரியும். அவை ஒன்றாகக் கூடினால்தான் தெரியாது.

"ஒரு கல்யாண விஷயம். உங்க சிநேகிதர் சங்கரபாண்டியன் எப்படிப்பட்ட ஆளுன்னு தெரியணும்" என்றார் வியாபாரி.

முப்பத்து மூன்று வயதாகியும் அம்பலவாணனுக்கு ஒரு வரனும் தகையவில்லை. பார்த்த இடமெல்லாம் தட்டிப்போய் அலுத்துவிட்டது. இதைக் கேட்டதும் கொஞ்சம் பொறாமை வந்ததென்னவோ உண்மைதான். ஆனாலும் நமக்குத்தான் கொடுப்பினை இல்லை, அவனாவது மாலை மாற்றட்டும் என்று மனசு இளகியது. வகுப்பில் சொன்னதே வாயில் வந்தது.

"வீ ஆர் திக் ஆஸ் தீவ்ஸ்!"

செல்வமணி வியாபாரியின் காதருகே குனிந்தார். "தீவ்ஸ்னா களவாணிப் பயலுவ, அத்தான்."

வியாபாரி மடியில் இருந்த பணப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஐயையோ, அது ஒரு பேச்சுக்குச் சொல்லுதது அண்ணாச்சி! அவ்வளவு நெருக்கம்னு அர்த்தம். தங்கமான மனுஷன். ஹீ வில் கிவ் யூ த ஷர்ட் ஆஃப் ஹிஸ் பேக்."

"போட்டிருக்க சட்டையக் கழட்டிக் குடுத்துருவாராம், அத்தான்."

"நல்ல புத்தியில இருக்கவன் அப்படிக் குடுப்பானா? கள்ளுக்கடையெல்லாம் மூடியாச்சே, இவருக்கு மட்டும் எங்கன கிடைக்குது?"

"சத்தியமா குடிக்க மாட்டான்! கஷ்டத்துலயும் கூட நிப்பான். ஃபேர் வெதர் ஃப்ரெண்டு இல்ல அவன்."

செல்வமணி கண்ணை மூடி யோசித்தார். "வெயில் நல்லா அடிச்சா சிநேகிதம் கிடையாதாம்."

"நம்ம பக்கம் வருஷத்துல முக்காவாசி வெயிலுல்லா!" வியாபாரியின் குரல் இறங்கியது. "கிறுக்கும் உண்டோ?"

அம்பலவாணன் தலையில் கை வைத்துக்கொண்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. பாவம், சங்கரபாண்டியன். எதிரிகூட அவனுக்கு இவ்வளவு செய்திருக்க மாட்டான். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் உடம்பு சொன்னது. நட்பு கேட்கவில்லை. தன் மானத்தையே ஈடு வைத்தாவது அவனைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்தார்.

"என்னைப் பாருங்க அண்ணாச்சி. என்கிட்ட ஒரு கெட்ட பழக்கம் உண்டா? அக்கம்பக்கத்துல கேட்டுப் பாருங்க. நான் எப்படியோ அப்படித்தான் அவனும். பேர்ட்ஸ் ஆஃப் எ ஃபெதர்!"

இந்த ஒன்றைச் செல்வமணி சரியாகவே பெயர்த்தார்.

"ரெண்டு பேரும் ஒரே ரகமாம், அத்தான்."

வியாபாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அது போதும். பஸ்ஸுக்கு நேரமாச்சு." ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் தெருவில் இறங்கி நடந்தார்.

செருப்பை மாட்டிக்கொண்டிருந்த செல்வமணியின் கையை அம்பலவாணன் பிடித்துக்கொண்டார். "என் வாய்க்கொழுப்புக்கு அவன் என்ன செய்வான்? என்னால சங்கரபாண்டியன் கல்யாணம் நின்னுரக் கூடாது. நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

செல்வமணி அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

"அவருக்கு யாரு பொண்ணு குடுக்க வந்தா? அவரு எங்களுக்குச் சொன்ன மாப்பிள்ளையே நீங்கதான் சார்வாள். சொன்ன ஆளு யோக்கியமான்னு விசாரிக்கத்தான் வந்தோம்."